பெட்டியோடு வந்தவர்கள்

தென் தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் குளோங் தோம் என்றோர் ஊர் இருக்கிறது. அங்குள்ள புத்த விகாரையின் அருங்காட்சியகத்தில் சின்னஞ்சிறு கல் ஒன்று பாதுகாக்கப்படுகிறது. வழியில் கிடந்தால் யாரும் குனிந்து எடுக்கமாட்டார்கள். ஆனால் அதன்மேல் தமிழ் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அறிஞர்கள் அதைப் ‘பெரும்பதன் கல்’ என்று படித்திருக்கிறார்கள். பெரும்பத்தன் என்பவனுடைய கல் என்று பொருள். பத்தர் என்றால் பொற்கொல்லர். தமிழ்நாட்டில் இன்றும் வழக்கில் உள்ள சொல்தான். அந்தக் கல்லும் சாதாரணக் கல் அன்று. பொன்னை உரசி அதன் மாற்றைக் கண்டறியும் உரைகல். கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

அதே கடற்கரையில் இன்னும் வடக்கே, தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தைப் பற்றியும் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவைப் பற்றியும் சொல்கிறது. அங்கே பேசுவது ஒரு குழு. இந்த உரைகல்லில் பேசுவதோ தனி மனிதன். அரசனின் ஆணையும் இல்லை, கோயில் தானமும் இல்லை. கடல் கடந்து வந்த ஒரு தொழிலாளி, தன் கருவியின்மேல் தன் பெயரை வெட்டி வைத்திருக்கிறான். ‘இது என்னுடையது’ என்பதைத் தவிர அதில் வேறு செய்தி கிடையாது.

அந்தக் கடற்கரையோடு தெற்கே இறங்கினால் கெடா, அதற்கும் தெற்கே பினாங்கு. மலாயாத் தமிழர் வரலாற்றைச் சொல்லும்போது கப்பலைச் சொல்வார்கள், கங்காணியைச் சொல்வார்கள், கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் சொல்வார்கள். வந்தவர்கள் கையில் என்ன கொண்டு வந்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. பினாங்கைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி முக்கியமானது. ஏனென்றால் தன் கருவியைத் தானே கொண்டு வந்தவனுக்கும், இறங்கிய பிறகு பிறர் கொடுத்த கருவியைப் பிடித்தவனுக்கும் இந்த மண்ணில் வாய்த்த வாழ்க்கை வேறு வேறு.

பினாங்கின் ஆங்கிலேய வரலாறே கருவிப் பஞ்சத்தில்தான் தொடங்கியது என்றால் வியப்பாக இருக்கும். 1786 ஆகஸ்ட் 11 அன்று பிரான்சிஸ் லைட் தீவில் கொடி ஏற்றினார். கொடி ஏற்றியாயிற்று, காட்டை வெட்ட வேண்டுமே? கோடரியும் வெட்டுக்கத்தியும் கொண்டு வந்திருந்தார்கள். மரங்கள் அவ்வளவு கடினமாக இருந்தனவாம். இரும்புக் கருவிகள் ஈயத்தைப் போல மடங்கிப்போயின என்று லைட்டே குறித்து வைத்திருக்கிறார். பீரங்கிக் குழாயில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டு, காசு பொறுக்கும் ஆசையில் மக்களைக் காடு வெட்ட வைத்தார் என்ற கதையைப் பினாங்குப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். கதை எந்த அளவுக்கு உண்மையோ, மடங்கிய கோடரி உண்மை. ஊர் அறியாத கருவி ஊருக்கு உதவவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1794இல், தாம் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, லைட் தம் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். சோழமண்டலக் கரையின் ஐந்து துறைமுகங்களிலிருந்து வந்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் தீவில் நிலையாகத் தங்கியிருக்கிறார்கள் என்றும், ஆண்டுதோறும் கப்பல்கள் 1,300 முதல் 2,000 பேர் வரை கொண்டுவந்து இறக்குகின்றன என்றும் அதில் எழுதினார். அவர்கள் வணிகத்திலும் பலவகை உழைப்பிலும் சில டாலர்கள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருவார்கள். சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட இவர்களின் பெயரில்தான் சூலியா தெரு நிலைத்தது. படகோட்டிகள் குடியிருந்த கிங் தெருவுக்குத் தமிழர் இட்ட பெயர் படவுக்காரத் தெரு. செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த பினாங்கு தெருவுக்குக் கிட்டங்கித் தெரு. இரும்பு அடிக்கும் பட்டறைகள் இருந்த பீச் தெருவின் ஒரு பகுதியை ஹொக்கியன் சீனர்கள் கொல்லர் தெரு என்று பொருள்படும்படி அழைத்தார்கள். நகராண்மை வைத்த பெயர்ப் பலகையில் ராஜாவும் ராணியும் இருக்கட்டும். மக்கள் வாயில் தெருவின் பெயர் தொழிலின் பெயராகவே இருந்தது.

அதே காலத்தில் இன்னொரு கூட்டமும் இந்தியாவிலிருந்து வந்து இறங்கியது. நாடு கடத்தப்பட்ட கைதிகள். சாலை போட்டவர்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தவர்கள், செங்கல் அறுத்தவர்கள். 1816இல் தொடங்கி 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜோர்ஜ் தேவாலயம் அவர்கள் உழைப்பில் எழுந்ததுதான். அவர்களுள் கொல்லரும் தச்சரும் கொத்தனாரும் ஆனவர்கள் இருந்தார்கள். கை அவர்களுடையது, சுத்தியல் கும்பினியுடையது. இன்று தேவாலயத்தின் வெண்தூண்களின்முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பயணிகளுக்கு அந்தக் கைகளின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது.

பெட்டிகளுக்கு ஒரு விசித்திர விதி உண்டு. இங்கிலாந்தின் ரோச்செஸ்டர் நகர அருங்காட்சியகத்தில் பெஞ்சமின் சீட்டன் என்ற தச்சரின் கருவிப் பெட்டி இருக்கிறது. லைட் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1796இல், தந்தை அவருக்குக் கருவிகள் வாங்கிக் கொடுத்தார். மறு ஆண்டு அவற்றை வைக்கச் சீட்டன் தம் கையாலேயே பெட்டி செய்தார். ஏறத்தாழ 200 கருவிகள், வாங்கிய விலையின் பட்டியல் உட்பட, அப்படியே இருக்கின்றன. காரணம் எளிது. அவர் அவற்றை அதிகம் பயன்படுத்தவில்லை. உழைத்த பெட்டி மிஞ்சுவதில்லை. உளி தேய்ந்து தேய்ந்து கைப்பிடி அளவாகும், பிறகு வேறு எதற்கோ உதவும் கம்பி ஆகும். பினாங்கின் பழைய தமிழ்ப் பெட்டிகள் அருங்காட்சியகங்களில் அரிதாக இருப்பதற்கு அவை கடைசிவரை வேலை செய்ததே காரணம்.

அப்படி வேலை செய்த பெட்டிகளுள் பொற்கொல்லருடையது தனி உலகம். அதைச் சற்று நிதானமாகத் திறந்து பார்க்க வேண்டும்.

பத்தர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வேலை செய்பவர். அவர்முன் இருக்கும் தாழ்வான மரப்பெட்டி மூடினால் மேசை, திறந்தால் களஞ்சியம். மேல் தட்டில் சாமணம், குறடு, சிறு கத்தரி. அடுத்த அறையில் அரங்கள்: தட்டை அரம், வட்ட அரம், எலிவால்போல் மெலிந்த அரம். கம்பி இழுக்கும் அச்சு ஒரு பக்கம். பெரிய துளையிலிருந்து சிறிய துளைவரை வரிசையாகத் துளையிட்ட எஃகுத் தகடு அது. தடித்த கம்பியைத் துளை துளையாக இழுத்து இழுத்து நூலாக்குவார்கள். ஊதுகுழல், மூசை, வெங்காரம் வைத்த டப்பா, பற்றாசு மடித்த பொட்டலம், நகையைக் கழுவி மெருகேற்றப் பூந்திக்கொட்டை. ஒரு மூலையில் குன்றிமணிகள். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த விதைகள்தாம் தலைமுறை தலைமுறையாகப் பொன்னுக்கு எடைக்கற்கள். எல்லாவற்றுக்கும் அடியில், துணியில் சுற்றி, கறுப்பு உரைகல். கூடவே இன்ன மாற்று என்று முன்பே தெரிந்த பொன்முனை வைத்த சிறு குச்சிகள். கொண்டுவந்த நகையைக் கல்லில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் குச்சியால் ஒரு கோடு இழுத்து, இரண்டு நிறத்தையும் ஒப்பிட்டு நகையின் தரத்தைச் சொல்லிவிடுவார்கள். குளோங் தோம் கல்லுக்கும் இதற்கும் இடையில் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் கிடக்கின்றன. வேலையும் கல்லும் மாறவில்லை.

இந்தப் பெட்டியில் உள்ளவை எல்லாம் கடையில் வாங்கியவை அல்ல. தேய்ந்த அரத்தை உலையில் காய்ச்சி அடித்துச் செதுக்குளி ஆக்குவார்கள். அச்சுகளையும் முத்திரைகளையும் தேவைக்கேற்பத் தாமே வெட்டிக்கொள்வார்கள். ஒருவர் செய்துகொண்ட கருவி அவர் விரலின் நீளத்துக்கும் பிடியின் வாட்டத்துக்கும் ஏற்றது. இன்னொருவர் கையில் அது முரண்டுபிடிக்கும். தகப்பன் பெட்டி மகனுக்கு வந்தாலும் மகன் சில ஆண்டுகளில் பாதியை மாற்றிவிடுவான். பார்க்காமலே கை நீட்டி எடுக்கும்படி ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். ஊதுகுழலை வாயில் வைத்துச் சுடரைப் பொன்மேல் திருப்பியிருக்கும் நேரத்தில் சாமணத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. பற்றாசு உருகும் கணமும் நகையே உருகிவிடும் கணமும் அவ்வளவு நெருக்கமானவை.

ஜோர்ஜ்டவுனில் மார்க்கெட் தெரு, பினாங்கு தெரு, குயின் தெரு சூழ்ந்த பகுதியில், நகைக்கடைகளின் பின்கட்டிலும் மாடியறைகளிலும் இந்தப் பெட்டிகள் திறந்திருந்தன. வாசலில் கண்ணாடிப் பெட்டி வைத்து விற்பவர் ஒருவர், உள்ளே இருட்டறையில் செய்பவர் வேறொருவர். அந்த ஏற்பாடு எல்லா நாட்டு நகைத் தொழிலிலும் உண்டு. ஆனாலும் கருவி தன்னுடையது என்பதால் பத்தருக்கு ஒரு பிடிமானம் இருந்தது. ஒரு முதலாளியோடு ஒத்துவரவில்லையா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகலாம். தோட்டத்துத் தொழிலாளி அப்படி நினைத்துப் பார்க்கவும் முடியாத சுதந்திரம் அது.

பெட்டியோடு சொற்களும் இறங்கின. மலாய்மொழியில் பெட்டிக்குப் ‘பெத்தி’ என்றே பெயர். தமிழிலிருந்து போன சொல். இரும்புப் பெட்டி ‘பெத்தி பெசி’, குளிர்பதனப் பெட்டி ‘பெத்தி செஜோக்’. கடை ‘கெடாய்’ ஆனது, முதல் ‘மோடால்’ ஆனது. இவற்றைவிடச் சுவையானது ‘முத்து’ என்று ஒலிக்கும் மலாய்ச் சொல். தரம் என்பது அதன் இன்றைய பொருள். தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாடு என்று எழுதும் இடத்தில் அந்தச் சொல்தான் நிற்கிறது. கடலில் விளையும் முத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது பொன்னின் ‘மாற்று’. நாம் பத்தரை மாற்றுத் தங்கம் என்பதுபோல மலாய்க்காரர்கள் பத்து ‘முத்து’த் தங்கம் என்பார்கள். உரைகல்லின்மேல் பிறந்த ஒரு சொல் பொற்கொல்லர் பெட்டியிலிருந்து வெளியேறி இன்னொரு மொழியின் பொதுச்சொல்லாகி, இன்று பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளின் சுவரில் தொங்குகிறது.

செட்டியார்களுக்கும் பெட்டிதான் தொழில் என்றால் சிலர் சிரிக்கக்கூடும். கிட்டங்கி என்பது நீண்ட கூடம். ஒவ்வொரு கடைக்கும் அதில் ஓர் இடம். அந்த இடத்துக்கு அடையாளம் ஒரு மரப்பெட்டி. சுற்றியுள்ள சில அடி தரைக்குப் ‘பெட்டியடி’ என்று பெயர். அங்கே எடுபிடி வேலை செய்து தொழில் கற்கும் சிறுவன் பெட்டியடிப் பையன். அவனுக்கு மேலே அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள். செட்டிநாட்டிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுக் கணக்கில் வருவார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கும்? பேரேடு, குறிப்பேடு, புரோநோட்டுத் தாள்கள், பேனா, மை, சாவிக்கொத்து. உண்மையான கருவி பையனின் தலைக்குள் இருந்தது. அரைக்கால், மாகாணி, முந்திரி என்று பின்னங்களை மனப்பாடம் செய்த எண்சுவடிக் கணக்கு அது. காகிதம் தொடாமல் வட்டி சொல்வார்கள். அவ்வப்போது ஐந்தொகை எழுதி ஊருக்கு அனுப்புவார்கள்.

மேடானில் 1938 முதல் வேலை பார்த்த ப. சிங்காரம், இந்தப் பெட்டியடி வாழ்க்கையைக் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்ற தம் இரு நாவல்களிலும் காட்டியிருக்கிறார். பினாங்கைத் தமிழ் இலக்கியத்தில் காணவேண்டுவோர் முதலில் புரட்ட வேண்டிய நூல்கள் அவை. போரும், ஜப்பானியர் காலத்துச் செல்லாத நோட்டும், 1951ஆம் ஆண்டின் வட்டித்தொழில் சட்டமும் பெட்டியடிகளை ஒவ்வொன்றாகக் காலிசெய்தன. மிஞ்சியது தைப்பூசம். 1894இல் காரைக்குடியில் செய்து, ‘ரோனா’ என்ற கப்பலில் ஏற்றி வந்த வெள்ளி ரதம், பினாங்கு தெருவின் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைச் சாலைக்கு இன்றும் போகிறது. அந்த ரதத்தின் வெள்ளித் தகட்டில் உள்ள ஒவ்வொரு பூவும் ஏதோ ஒரு பெட்டியின் உளி தொட்ட இடம். பணம் கொடுத்த சமூகத்தை எல்லாரும் அறிவோம். உளி பிடித்தவர்கள் பெயரை யாரும் ரதத்தில் வெட்டி வைக்கவில்லை.

சீனர்கள் இந்த விஷயத்தில் முன்யோசனை உள்ளவர்களாக இருந்திருக்கிறார்கள் என்றே சொல்லவேண்டும். கன்டோனியப் பொற்கொல்லர்களின் சங்கம் பினாங்கில் 1832லேயே தொடங்கிவிட்டது. முந்திரி தெருவில் அதற்குக் கோயிலும் கட்டடமும் இருக்கின்றன. தச்சர்களின் சங்கம் லவ் லேனில், தச்சுத் தொழிலின் தெய்வமான லூ பானின் பெயரால் நிற்கிறது. சீனத் தச்சர் பெட்டியில் தவறாமல் இருக்கும் ஒன்று மைக்கூட்டு நூல். மை தோய்ந்த நூலை மரத்தின்மேல் இழுத்துத் தட்டினால் நேர்க்கோடு விழும். அந்தக் கூட்டைத் தச்சர் தாமே மரத்தில் குடைந்து, மீனோ பூவோ வடித்துக்கொள்வது மரபு. கூடவே லூ பான் அளவுகோல்: எட்டுப் பாகங்கள், சில நல்லவை, சில ஆகாதவை. கதவின் அகலம் நல்ல பாகத்தில் முடியவேண்டும். இதைப் படிக்கும் தமிழருக்கு மனையடி சாத்திரமும் ஆயாதிக் கணக்கும் நினைவுக்கு வரும். நம் ஆசாரிகளின் முழக்கோலும் அதே கவலையைத்தான் சுமந்தது. பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வேலை செய்த இரு இனத்தாரின் பெட்டியிலும், வீட்டில் குடியேறப்போகும் மனிதரின் நலத்துக்கென்று ஓர் அளவுகோல் இருந்திருக்கிறது.

லூ பானுக்குச் சீன நாட்காட்டியின் ஆறாம் மாதத்தில் விழா. தமிழருக்கு ஆயுத பூசை. அன்று சுத்தியலும் கத்தரியும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு ஓய்வெடுக்கும், யாரும் தொடக்கூடாது. விசுவகர்மா சமூகத்தார் காமாட்சியைக் குலதெய்வமாகப் போற்றுபவர்கள்; பினாங்கில் டத்தோ கிராமட் சாலையில் காமாட்சியம்மன் கோயில் இருக்கிறது. ஆனால் பெட்டியைக் கும்பிடத் தெரிந்த அளவுக்குப் பெட்டிக்காரர்களின் வரலாற்றை எழுதி வைக்க நம்மவர்க்குத் தோன்றவில்லை.

இன்னொரு பெட்டிக்குத் தமிழில் தனிப்பெயரே உண்டு. நாவிதரின் கருவிப்பைக்கு அடைப்பம் என்று பெயர். சவரக்கத்தி, தீட்டும் தோல்வார், சாணைக்கல், கத்தரி, நகம் எடுக்கும் சிறு கத்தி, கிண்ணம், கைக்கண்ணாடி, வெட்டுப்பட்டால் தடவப் படிக்காரம். கிராமத்தில் அடைப்பம் தூக்கியவர் புண்ணுக்கு மருந்திடுபவராகவும் இருந்தார். அவர் மனைவி பிரசவம் பார்த்தார். சமூகம் அவர்களைத் தாழ்த்தி வைத்தது, தன் உடம்பையோ அவர்கள் கையில்தான் கொடுத்தது. கடல் தாண்டியபோது அந்தக் கட்டு கொஞ்சம் தளர்ந்தது. அஞ்சடியில் ஒரு நாற்காலி போட்டால் தொழில் நடந்தது. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள்; எல்லாரும் காசு கொடுத்தார்கள். அறுவடையில் படி நெல்லுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பெட்டி ஒரு மனிதனின் முதுகை எவ்வளவு நிமிர்த்தும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இவர்கள் எல்லாரையும் கூட்டினாலும் சிறுபான்மைதான். நீரிணையின் அந்தப் பக்கம், செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களிடம் பெட்டி இல்லை. இருந்தது துணி மூட்டை. மண்வெட்டியும் வெட்டுக்கத்தியும் தோட்டத்தின் கணக்கில் இருந்தவை. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கரும்பு போய் ரப்பர் வந்தது. அப்போதும் வாளியும் மங்கும் கத்தியும் நிர்வாகத்துடையவை. பால் வெட்டுவது சாதாரண வேலை என்று நினைப்பவர்கள் ஒரு முறை வெட்டிப் பார்க்க வேண்டும். பட்டையைச் சீவ வேண்டும், உள்ளே இருக்கும் உயிர்ப்படலத்தைத் தொடக்கூடாது. நூலளவு பிசகினால் மரத்துக்குப் புண். பத்தர் பெட்டியில் உள்ள எந்த வேலைக்கும் குறையாத நுட்பம் அது. ஆனால் அந்த நுட்பத்தை எடுத்துக்கொண்டு எங்கே போவது? மரம் தோட்டத்தில் நிற்கிறது, கத்தி ஸ்டோரில் இருக்கிறது. மணிக்கட்டில் கலை இருந்தும் கையில் தொழில் இல்லை. மலேசியத் தமிழரின் வறுமையைப் பற்றிப் பேசும் எத்தனையோ அறிக்கைகள், இந்த எளிய வேறுபாட்டைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறிய பயணிகளை ‘ரஜூலா’ கப்பல் 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பினாங்கில் இறக்கியது. அதே கப்பல் ஆட்களைத் திருப்பியும் கொண்டுபோனது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. ஆண்டுக்கணக்கில் இங்கே உழைத்தும் சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்த பல்லாயிரம் இந்தியர்கள் ஊர் திரும்பினார்கள். பினாங்கின் தீர்வையற்ற துறைமுகத் தகுதியும் 1969இல் முடிவுக்கு வந்தது. துறைமுகத்தை நம்பியிருந்த தெருக்கள் சோர்ந்தன. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப மண்டலம் திறந்தது. இன்டெல் உள்ளிட்ட நிறுவனங்கள் வந்தன. தோட்டப்புறத் தமிழ்ப் பெண்களும் பேருந்து ஏறி வந்து உருப்பெருக்கியின்முன் உட்கார்ந்தார்கள். மயிரிழையைவிட மெல்லிய பொன்கம்பியைச் சில்லில் பொருத்தும் வேலை. மறுபடியும் பொன், மறுபடியும் கம்பி, மறுபடியும் சாமணம். இந்த முறை சாமணத்தில் இருந்தது நிறுவனத்தின் எண்.

பழைய நகரத்துப் பெட்டிகளுக்குப் பெரிய அடி வாடகையால் வந்தது. போருக்கு முந்திய கடைவீடுகளின் வாடகையைக் கட்டுக்குள் வைத்திருந்த சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, அந்த நீக்கம் 2000 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை சொற்ப வாடகையில் இருந்த கைத்தொழில்காரர்கள் பலமடங்கு கேட்கப்பட்டார்கள். கொடுக்க முடியாதவர்கள் காலிசெய்தார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ, மலாக்காவோடு சேர்த்து ஜோர்ஜ்டவுனை உலகப் பாரம்பரிய நகரம் என்று அறிவித்தது. கடைவீடுகள் காப்பாற்றப்பட்டன, வண்ணம் பூசப்பட்டன, தங்கும் விடுதியும் காப்பிக் கடையும் ஆயின. உள்ளே உட்கார்ந்து சுத்தியல் தட்டியவரை எந்தப் பட்டியலும் அதே அக்கறையோடு காப்பாற்றவில்லை. பினாங்கு பாரம்பரிய அறக்கட்டளை மூத்த கைவினைஞர்களுக்கு ‘வாழும் பாரம்பரியச் செல்வம்’ என்ற விருதை வழங்கியது. அவர்களிடம் இளைஞர்கள் தொழில் பழகத் திட்டமும் வகுத்தது. விருது பெற்றவர்களுள் நாகூர் தர்காவை ஒட்டிய சிறு கடையில் சொங்கோக் தைத்த தமிழ் முஸ்லிம் பெரியவரும் ஒருவர். வெல்வெட், அட்டை, ஊசி, கத்தரி, விறைப்புக்காகப் பழைய செய்தித்தாள்: அவர் பெட்டியில் இருந்தவை அவ்வளவே. தொழிலைப் பழகத்தான் ஆள் குறைவு.

ஆள் குறைவு என்பது மற்றப் பெட்டிகளுக்கும் நேர்ந்த கதி. முடிதிருத்தும் நிலையம், நகைத் தொழில், ஜவுளி ஆகிய மூன்று துறைகளுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்கப் பல ஆண்டுகளாகத் தடை இருந்தது. இந்தியர் வணிக அமைப்புகள் விடாமல் கேட்டதன்பேரில், 2023இல் மூன்று துறைகளுக்கும் சேர்த்து 7,500 பேரை அனுமதிக்க அரசாங்கம் இணங்கியது. ஏன் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கவில்லை என்று கேட்பது எளிது. பத்து ஆண்டு பழகினால்தான் கைவரும் தொழிலுக்கு, முதல் மாதமே சம்பளம் தரும் தொழிற்சாலை போட்டியாக நிற்கும்போது எந்தத் தகப்பன் மகனைப் பெட்டியடியில் உட்கார வைப்பான்? தகப்பன்மார்களே ‘நீ படி, இது வேண்டாம்’ என்று சொன்னவர்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. பெட்டி சுதந்திரம் தந்தது உண்மை. குனிந்த முதுகையும் புகை குடித்த நுரையீரலையும் தந்ததும் உண்மை.

இப்போது கடைகளில் ‘916’ என்று முத்திரையிட்ட நகை இயந்திரத்தில் அச்சாகி வருகிறது. தரத்தைக் கதிர் பாய்ச்சும் கருவி திரையில் எண்ணாகக் காட்டிவிடுகிறது. உரைகல்லைத் துணியில் சுற்றி வைத்திருக்கும் பத்தர்கள் அறுந்த சங்கிலியை ஒட்டவும், தளர்ந்த கல்லை இறுக்கவும் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் தொழிலை நிறுத்தும்போது கருவிகள் பழைய இரும்புக் கடைக்குப் போகலாம். ஆனால் பெட்டியின் பலகையை யாரும் சும்மா எறிவதில்லை. அராவிய பொன்துகள் ஆண்டுக்கணக்காக மரத்தின் வெடிப்பிலும் மூலையிலும் இறங்கியிருக்கும். தரையில் விரித்த பாயிலும், கூட்டிய குப்பையிலும், கை கழுவிய தண்ணீரிலும்கூடத் துகள் உண்டு. அந்தக் குப்பையை விலைக்கு வாங்கிச் சலித்தெடுக்கும் அரிப்புக்காரர்கள் தமிழ்நாட்டு நகைத்தெருக்களில் தலைமுறைகளாக இருக்கிறார்கள். பலகையை எரித்து, சாம்பலைத் தட்டில் போட்டு, தண்ணீர் விட்டு மெல்ல அலசுவார்கள். சாம்பல் மிதந்து வழிந்துபோகும். தட்டின் அடியில் ஒரு மஞ்சள் கோடு தங்கும். எடுத்து உருக்கி, மறுபடியும் கல்லில் உரசி, எத்தனை மாற்று என்று பார்ப்பார்கள்.